உடம்பின் இம்பீடன்ஸை அளப்பது எப்படி: நோயறிதலுக்கும் தொடர் கண்காணிப்புக்கும் முழுமையான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருமே, பெயர் தெரியாமலே ஒருமுறையாவது இம்பீடன்ஸ் அளவீட்டை, அதாவது மின்சாரத்துக்கு வரும் எதிர்ப்பை அளப்பதைக் கடந்து வந்திருப்பார்கள். சிபிசி என்று சீட்டில் எழுதிக்கொடுக்கிறார்களே, அந்த முழு ரத்த எண்ணிக்கையில் பல கருவிகள் அணுக்களை எண்ணுவது இந்த முறையில்தான். உப்புநீரில் கலந்த ரத்தம் ஒரு முடியின் தடிமனே உள்ள துளை வழியாக உறிஞ்சப்படும். துளைக்கு இந்தப் பக்கம் ஒரு மின்முனை, அந்தப் பக்கம் ஒரு மின்முனை. ஓர் அணு துளைக்குள் நுழையும்போது தன் பருமன் அளவுக்கு உப்புநீரை விலக்கிவிடுகிறது. மின்தடை ஒரு கணம் எகிறி இறங்குகிறது. எகிறல்களை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை கிடைக்கும், எகிறலின் உயரத்தைப் பார்த்தால் பருமன் கிடைக்கும். வாலஸ் கூல்ட்டர் 1953-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யோசனை இது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால், கருவி அந்தக் கட்டியை ஒரே பெரிய அணுவாகப் பார்க்கும். ரிப்போர்ட்டில் தட்டணு குறைந்துவிட்டதாக வரும், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் குறைந்திருக்காது. இந்த வழிகாட்டி முழுக்க இதே சிக்கல்தான் வேறு வேறு வேடத்தில் வரப்போகிறது. கருவிக்குத் தெரிவது தடை மட்டும். அதற்குக் கொழுப்பு, தசை, நீர், மூச்சு, எதுக்களிப்பு என்றெல்லாம் பெயர் வைப்பது நாம்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ‘இம்பீடன்ஸ் டெஸ்ட்’ என்று எழுதிக்கொடுத்திருந்தால் அது வேறு. அங்கே செவிப்பறை ஒலியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று பார்க்கிறார்கள். 226 ஹெர்ட்ஸ் ஒலியும் கொஞ்சம் காற்றழுத்தமும்தான், உடம்புக்குள் மின்சாரம் போவதில்லை. இங்கே பேசப்போவது மின்சாரத்தைப் பற்றி மட்டும்.

படி 1: மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மின்சாரத்தின் கண்ணால் பார்த்தால் உடம்பு என்பது உப்புநீர்ப் பைகளின் குவியல். பைகளுக்கு வெளியேயும் உப்புநீர், உள்ளேயும் உப்புநீர், நடுவில் மெல்லிய கொழுப்புச் சவ்வு. உப்புநீர் மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும். அங்கே இருப்பது சாதாரண மின்தடை. சவ்வு மட்டும் மின்தேக்கி போல நடந்துகொள்ளும். அது தரும் எதிர்ப்புக்கு மின்மறுப்பு என்று பெயர். மின்தடையும் மின்மறுப்பும் சேர்ந்த மொத்தம்தான் இம்பீடன்ஸ். பாடநூல்களில் மின்னெதிர்ப்பு என்று இருக்கும், ஆனால் வார்டில் எல்லோரும் இம்பீடன்ஸ் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

மின்தேக்கியின் குணம் தெரிந்ததுதான்: குறைந்த அதிர்வெண்ணில் கதவை அடைக்கும், அதிர்வெண் ஏற ஏறத் திறக்கும். ஆகவே 5 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செல்களுக்குள் நுழைய முடியாமல், பாறைகளைச் சுற்றி ஓடும் ஆறு மாதிரி வெளிநீரிலேயே போகும். 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் சவ்வு பெரிதாகத் தடுக்காது, உள்நீரும் வெளிநீரும் சேர்ந்து கடத்தும். பரவலாகப் பயன்படும் 50 கிலோஹெர்ட்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் உள்ளே, நிறைய வெளியே.

இந்தக் குணத்தை வைத்தே 1925-ல் ஹ்யூகோ ஃபிரிக்கே சிவப்பணுச் சவ்வின் மின்தேக்குத்திறனை அளந்தார். ஒரு சதுர செ.மீ.க்கு 0.81 மைக்ரோஃபாரட் வந்தது. அதிலிருந்து சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்கு முன்பே, யாரும் கண்ணால் பார்க்காத ஒரு சவ்வுக்கு அளவு சொன்ன கணக்கு அது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கும் அதுதான்.

திசுவுக்குத் திசு எதிர்ப்பு வேறுபடுவது இன்னொரு விஷயம். ரத்தத்தின் மின்தடை எண் சுமார் 1.5 ஓம்-மீட்டர். மூளைத் தண்டுவட நீருக்கு அதில் பாதிகூட இல்லை. கொழுப்புக்குப் பத்து மடங்குக்கும் மேல். நுரையீரலில் காற்று நிறையும்போது ஏறும், மூச்சை விட்டதும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் பின்னால் நமக்கு மிகவும் பயன்படும்.

படி 2: கேள்வியை முதலில் முடிவு செய்யுங்கள், கருவியை அப்புறம்

உடம்பில் மொத்தம் எவ்வளவு நீர், எவ்வளவு தசை என்று தெரிய வேண்டுமா? 50 கிலோஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டும் அளக்கும் கருவி போதும். டயாலிசிஸ் நோயாளிக்கு மிகை நீர் எத்தனை லிட்டர் என்று கேட்டால், வெளிநீரையும் உள்நீரையும் பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு 5 கிலோஹெர்ட்ஸ் தொடங்கி 1 மெகாஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில் அளக்கும் கருவி தேவை. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறதா என்று பார்க்க, இரண்டு கைகளையும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒப்பிட்டால் சரியாகிவிடும். முக்கியமானது, அறுவைக்கு முன்பே ஓர் அடிப்படை அளவு எடுத்து வைத்திருப்பது. பலரும் அதைத்தான் மறக்கிறார்கள். எழுதும் கை இயல்பிலேயே கொஞ்சம் பருமனாக இருக்கும் என்பதால், முன் அளவு இல்லாமல் பின்னால் வரும் சின்ன வித்தியாசத்தை நம்ப முடியாது.

மூச்சு, இதயம், உணவுக்குழாய், பேஸ்மேக்கர் கம்பி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

படி 3: பாதுகாப்பு

மின்னோட்டம் மிகச் சிறியது. மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60601, 1 கிலோஹெர்ட்ஸ் வரை 0.1 மில்லி ஆம்பியரை அனுமதிக்கிறது. அதற்கு மேல் அதிர்வெண்ணோடு சேர்ந்து வரம்பும் ஏறும், அதிகபட்சம் 10 மில்லி ஆம்பியர். அப்படிப் பார்த்தால் 50 கிலோஹெர்ட்ஸில் 5 மில்லி ஆம்பியர் வரை போகலாம். உடலமைப்புக் கருவிகள் வழக்கமாக 0.8 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவாகவே அனுப்புகின்றன. நரம்பும் தசையும் இந்த அதிர்வெண்ணுக்குப் பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை, படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

பேஸ்மேக்கர், உள்பதித்த டிஃபிப்ரிலேட்டர் (தாறுமாறான இதயத் துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி) இருப்பவர்கள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். பல உடலமைப்புக் கருவிகளின் கையேடே இவர்களுக்கு வேண்டாம் என்று சொல்கிறது. ஒரு வினோதமான காரணமும் இதில் உண்டு. சில பேஸ்மேக்கர்கள் தாங்களே மார்பின் இம்பீடன்ஸை அளந்து, மூச்சு வேகமானால் ‘இவர் நடக்கிறார்’ என்று எடுத்துக்கொண்டு இதயத் துடிப்பை உயர்த்தும். வெளியிலிருந்து இசிஜி மானிட்டர் அனுப்பும் மூச்சு அளவீட்டு மின்னோட்டத்தை அது வேகமான மூச்சு என்று தவறாகப் புரிந்துகொண்டால், படுக்கையில் அசையாமல் கிடப்பவருக்குத் துடிப்பு எகிறும். காரணமில்லாத வேகத் துடிப்பைப் பார்த்து மருந்தைத் தேடும் முன், மானிட்டரில் மூச்சு அளவீட்டை அணைத்துப் பாருங்கள்.

படி 4: படுக்க வைப்பதும் ஒட்டுவதும்

அளவீட்டின் தரம் முக்கால்வாசி இந்தப் படியில்தான் முடிவாகிறது. கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இங்கே செய்யும் தவறைச் சரிசெய்யாது.

சாப்பிட்டும் கடுமையாக உழைத்தும் சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 8 மணி நேரம் என்பது பரவலான விதி. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். உயரத்தையும் எடையையும் அன்றே, நீங்களே அளங்கள். ‘எவ்வளவு உயரம்?’ என்று கேட்டு எழுதிக்கொள்வதைப் போல மோசமான பழக்கம் இல்லை. கணக்கில் உயரம் வர்க்கமாக வருவதால் அதில் வரும் பிழையும் இரட்டிப்பாகும்.

மல்லாந்து படுக்க வைத்து 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். எழுந்து நிற்கும்போது காலில் தேங்கிய நீர், படுத்ததும் மெல்ல மேலே நகரும். இம்பீடன்ஸ் முதல் 10 நிமிடத்தில் விறுவிறுவென ஏறி, அப்புறம் மணிக்கணக்கில் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். படுத்தவுடன் ஒருமுறையும் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் அளந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடக் கூடாது. படுக்கையில் நாள் முழுவதும் கிடக்கும் நோயாளியின் எண்ணை, நடந்து வந்த ஒருவரின் எண்ணோடு ஒப்பிடுவதும் இதே தவறுதான்.

கைகள் உடம்பிலிருந்து சுமார் 30 டிகிரி விலகியிருக்க வேண்டும். கால்கள் 45 டிகிரி விரிந்து, தொடையும் தொடையும் தொடாமல் இருக்க வேண்டும். பருமனானவர்களுக்குத் தொடை தொட்டுக்கொண்டே இருந்தால் நடுவில் உலர்ந்த துணியை மடித்து வையுங்கள். தொட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும்.

எலக்ட்ரோடுகள், அதாவது மின்முனைகள், நான்கு. வெளி இரண்டும் மின்னோட்டம் அனுப்ப, உள் இரண்டும் மின்னழுத்தம் அளக்க. ஏன் இரண்டே போதாது என்று கேட்டால், தோலின் எதிர்ப்பு உடம்பின் எதிர்ப்பை விடப் பல மடங்கு பெரியதாக இருக்கக்கூடும், அதுவும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். அளக்கும் முனைகளின் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய போகாததால் அவற்றின் அடியில் உள்ள தோல் கணக்கைக் கெடுக்காது.

வலது கையில், மணிக்கட்டில் துருத்தி நிற்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் அளக்கும் முனை. நடுவிரலின் அடிமுட்டிக்குப் பின்னால் அனுப்பும் முனை. வலது காலில், கணுக்காலின் இரு குமிழ்களுக்கு நடுவில் அளக்கும் முனை, பாதத்தின் மேற்பக்கத்தில் விரல்கள் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் அனுப்பும் முனை. இரண்டு முனைகளுக்கும் இடையே குறைந்தது 5 செ.மீ. இருக்கட்டும். சின்னக் கை என்றால் அனுப்பும் முனையை விரல் பக்கமாகத் தள்ளுங்கள், அளக்கும் முனையை நகர்த்த வேண்டாம். அளக்கும் முனை 1 செ.மீ. இடம் மாறினாலே மின்தடை சுமார் 2 சதவீதம் மாறும். ஒட்டும் முன் ஆல்கஹால் பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையைத் தவிர்த்து எதிர்ப்பக்கம் அளந்தால், அடுத்த முறையும் அதே பக்கம்தான்.

படி 5: கருவி சொல்லும் முடிவைப் பார்க்கும் முன் மூல எண்களைப் பாருங்கள்

திரையில் முதலில் கண்ணில் படுவது கொழுப்புச் சதவீதமாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டு மின்தடை, மின்மறுப்பு இரண்டையும் தேடுங்கள். 50 கிலோஹெர்ட்ஸில் கை முதல் கால் வரை, பெரும்பாலான பெரியவர்களுக்கு மின்தடை 400 முதல் 700 ஓமுக்குள் வரும். மின்மறுப்பு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 900 ஓம், மின்மறுப்பு 5 என்று வந்தால் நோயைத் தேடாதீர்கள். கழன்ற ஒயரைத் தேடுங்கள்.

ஓர் உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆண், உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ. மின்தடை 500 ஓம், மின்மறுப்பு 58 ஓம். குஷ்னரும் ஷோலரும் 1986-ல் ஆண்களுக்குத் தந்த சூத்திரம் இது:

மொத்த நீர் (லிட்டர்) = 0.396 × (உயரம்² ÷ மின்தடை) + 0.143 × எடை + 8.4

170-இன் வர்க்கம் 28,900. அதை 500-ஆல் வகுத்தால் 57.8. மொத்த நீர் 41.3 லிட்டர் வருகிறது. கொழுப்பில்லாத உடம்பில் 73 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டால், கொழுப்பில்லா எடை 56.6 கிலோ, மீதி 13.4 கிலோ கொழுப்பு. அதாவது 19 சதவீதம்.

இப்போது அதே ஆளின் கை விலாவை ஒட்டிக் கிடந்ததால் மின்தடை 480 என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீர் 42.3 லிட்டர், கொழுப்பு 12.1 கிலோ, 17 சதவீதம். 20 ஓம் வித்தியாசத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வந்து ஒன்றேகால் கிலோ கொழுப்பு காணாமல் போய்விட்டது. அவர் எதுவும் செய்யவில்லை, கையை நகர்த்தவில்லை என்பதைத் தவிர.

மூன்றாவது காட்சி இன்னும் முக்கியம். சில வாரம் கழித்து அதே மனிதர் கால் வீக்கத்தோடு வருகிறார். எடை 75 கிலோ, மின்தடை 420, மின்மறுப்பு 32. சூத்திரத்தில் போட்டால் நீர் 46.4 லிட்டர், கொழுப்பில்லா எடை 63.5 கிலோ, கொழுப்பு 11.5 கிலோ. கருவி என்ன அச்சடிக்கும் தெரியுமா? கொழுப்பு குறைந்திருக்கிறது, தசை ஏழு கிலோ கூடியிருக்கிறது என்று. காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, ரிப்போர்ட்டில் பாராட்டு விழுகிறது! 73 சதவீதம் என்ற அனுமானம் உடைந்துபோனது கருவிக்குத் தெரியாது.

இங்கே கைகொடுப்பது ஃபேஸ் ஆங்கிள், தமிழில் கட்டக் கோணம். மின்மறுப்பை மின்தடையால் வகுத்து, அதற்குரிய கோணத்தை டிகிரியில் எடுத்தால் அதுதான். முதல் அளவில் 58 ÷ 500, கோணம் 6.6 டிகிரி. வீக்கத்தோடு வந்தபோது 32 ÷ 420, கோணம் 4.4 டிகிரி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 5 முதல் 7 வரை இருப்பது வழக்கம். உயரம், எடை, அனுமானம், சூத்திரம் எதுவும் இதில் நுழையவில்லை. செல்கள் முழுசாக, நிறைய இருந்தால் கோணம் பெரியது. செல்கள் நலிந்தாலோ வெளிநீர் பெருகினாலோ கோணம் சுருங்கும். ஊட்டச்சத்துக் குறைபாடு, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் போன்றவற்றில் தாழ்ந்த கோணம் மோசமான போக்கைக் காட்டுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எந்த நோய் என்று மட்டும் அது சொல்லாது. ஒரே ஓர் எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

படி 6: நீரின் கணக்கு

இத்தாலியின் பிக்கோலி 1994-ல் ஒரு எளிய வழி சொன்னார். மின்தடையையும் மின்மறுப்பையும் உயரத்தால் வகுத்து ஒரு வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். ஆரோக்கியமானவர்களின் புள்ளிகள் எங்கே விழும் என்று 50, 75, 95 சதவீத நீள்வட்டங்கள் ஏற்கெனவே வரைந்திருக்கும். நம் ஆளின் முதல் புள்ளி மீட்டருக்கு 294, 34. வீக்கத்தோடு 247, 19. வரைபடத்தின் பூஜ்யப் புள்ளியிலிருந்து இரண்டுக்கும் கோடு போட்டால் இரண்டாவது கோடு குட்டையாகவும் சாய்ந்தும் இருக்கும். நீர் கூடினால் கோடு குட்டையாகும், வறண்டால் நீளும். எத்தனை லிட்டர் என்று இது சொல்லாது, எந்தத் திசையில் போகிறார் என்று சொல்லும். பல நேரம் அதுவே போதும்.

லிட்டர் கணக்கு வேண்டுமென்றால் பல அதிர்வெண் கருவி. கிடைக்கும் புள்ளிகளை வரைந்தால் அரைவட்டம் போல ஒரு வில் வரும். வில்லின் ஒரு முனை அதிர்வெண் பூஜ்யத்தில் இருக்க வேண்டிய மின்தடை, அது வெளிநீர். மறுமுனை அதிர்வெண் எல்லையில்லாமல் போனால் வருவது, அது மொத்த நீர். டயாலிசிஸ் தொடங்கும் முன் அளந்து, மிகை நீர் 2.8 லிட்டர், எடை 68 கிலோ என்று வந்தால், உலர் எடை, அதாவது மிகை நீரெல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடை, 65.2 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். ‘பக்கத்தில்’ என்பதைக் கவனியுங்கள். அதை ஒரே அமர்வில் எடுக்க முயன்றால் ரத்த அழுத்தம் விழும், தசை பிடிக்கும். பல அமர்வுகளில் கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் பார்வையில் இறக்குவதுதான் முறை. மிகை நீர் வெளிநீரில் 15 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் இறப்பு அதிகம் என்று 2009-ல் வந்த ஆய்வு காட்டியதால், பல இடங்களில் அந்த எல்லையை எச்சரிக்கைக் கோடாக வைத்திருக்கிறார்கள்.

கை முதல் கால் வரை அளக்கும்போது உடம்பின் எடையில் பாதியைச் சுமக்கும் நடுவுடல், மொத்த எதிர்ப்பில் பத்தில் ஒரு பங்குதான் தரும். ஆறு குறுகலாக ஓடும் இடத்தில்தான் தடை அதிகம், கையும் காலும்தான் அந்தக் குறுகல். வயிற்றில் லிட்டர் கணக்கில் நீர் கோத்திருந்தாலும் எண் பெரிதாக அசையாமல் இருக்கலாம். கல்லீரல் நோயாளிகளிடம் இந்த அளவை நம்பி ஏமாறாதீர்கள்.

படி 7: மூச்சு

இசிஜி மானிட்டரில் கீழே ஓடும் மூச்சுக் கோட்டுக்குத் தனி உணரி கிடையாது. மார்பில் ஒட்டிய அதே இசிஜி எலக்ட்ரோடுகள் வழியாகச் சில பத்து கிலோஹெர்ட்ஸில் சின்ன மின்னோட்டம் போகிறது. மூச்சை இழுக்கும்போது நுரையீரலில் காற்று நிறைந்து எதிர்ப்பு ஏறும். ஏற்றம் பல நேரம் ஒரு ஓம்கூட இருக்காது, அதுவும் நூற்றுக்கணக்கான ஓம் அடிப்படையின் மேல். இவ்வளவு சின்ன அசைவைப் படிப்பதால்தான் நோயாளி புரண்டு படுத்தால் மூச்சு எண்ணிக்கை தாறுமாறாகக் குதிக்கிறது.

செய்ய வேண்டியது: எலக்ட்ரோடுகளைப் புதிதாக ஒட்டுங்கள். வயிற்றால் மூச்சு விடுபவர் என்றால் வலது தோளுக்கும் இடது இடுப்புப் பக்கத்துக்கும் இடையிலான லீடை (எலக்ட்ரோடு ஜோடியை) தேர்ந்தெடுங்கள். அலையின் உயரத்தைப் பார்த்து உணர்திறனைச் சரிசெய்யுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் மார்பைப் பார்த்து நீங்களே எண்ணி ஒப்பிடுங்கள்.

இரண்டு பொறிகளை மறக்க வேண்டாம். முதலாவது, இதயம் துடிக்கும்போது மார்பில் ரத்தம் இடம் மாறுவதால் எதிர்ப்பு லேசாக அசையும். உணர்திறனை மிகவும் ஏற்றி வைத்தால், மூச்சு நின்றுபோனவரிடம் மானிட்டர் இந்த அசைவை மூச்சு என்று எண்ணிக்கொண்டிருக்கும். இதயத் துடிப்பு 64, மூச்சும் 64 என்று இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் உடனே நோயாளியைப் பாருங்கள். இரண்டாவது இன்னும் மோசம். தொண்டை அடைத்துக் காற்று உள்ளே போகாவிட்டாலும் நெஞ்சு முயன்றுகொண்டே இருக்கும். மானிட்டருக்கு அசைவு தெரியும், அடைப்பு தெரியாது. எண்ணிக்கை 18 என்று அழகாக நிற்கும், ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும். மயக்க மருந்தோ வலி மருந்தோ கொடுத்த நோயாளிக்கு இம்பீடன்ஸ் மூச்சுக் கோட்டை மட்டும் நம்பவே கூடாது. கார்பன் டை ஆக்சைடு அளவும் ஆக்சிஜன் அளவும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதே யோசனையை வளையமாக விரித்ததுதான் மின் இம்பீடன்ஸ் டோமோகிராஃபி, சுருக்கமாக இஐடி. 1980-களில் ஷெஃபீல்டில் பார்பரும் பிரவுனும் வளர்த்தெடுத்தது. மார்பைச் சுற்றி 16 எலக்ட்ரோடு உள்ள பட்டை. அடுத்தடுத்த இரண்டின் வழியாக மின்னோட்டம் அனுப்பி, மற்ற 13 ஜோடிகளில் மின்னழுத்தம் அளந்து, ஒரு சுற்று முடிந்தால் 208 அளவுகள். அதிலிருந்து ஒரு படம். நொடிக்குப் பல படங்கள் வருவதால் காற்று எந்தப் பகுதிக்குப் போகிறது என்று படுக்கையருகிலேயே, கதிர்வீச்சு இல்லாமல் பார்க்கலாம். பட்டையை நான்காம், ஐந்தாம் விலா இடைவெளியில் கட்டுங்கள். கீழே இறக்கினால் உதரவிதானம் உள்ளே வந்து படத்தைக் கெடுக்கும். காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தையை அளக்கும் நேரத்தில் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அதன் தாளமும் படத்தில் வரும்.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பீப் அழுத்தத்தை (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தத்தை) படிப்படியாக இறக்கிக்கொண்டே வந்தால், எந்த அளவில் முன்பக்க நுரையீரல் உப்பிப் போகிறது, எந்த அளவில் முதுகுப்பக்கம் சுருங்குகிறது என்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவைத் தேர்ந்தெடுக்க இது உதவும். வென்டிலேட்டருக்காகச் செலுத்திய குழாய் வலது பக்கம் ஆழமாகப் போய்விட்டிருந்தால் படத்தில் இடது பக்கம் இருட்டாகவே இருக்கும். உடனே எக்ஸ்ரேக்குச் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் மாதிரி கூர்மையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இது காட்டுவது மாற்றத்தை. ஏற்கெனவே நீர் கோத்துக் காற்றே போகாத பகுதி, அங்கே நுரையீரலே இல்லாதது போலத்தான் தெரியும்.

மார்பின் இம்பீடன்ஸிலிருந்து இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தைக் கணக்கிடும் முறையும் உண்டு. 1960-களில் குபிசெக் விண்வெளி ஆய்வுக்காக உருவாக்கியது. நுரையீரலில் நீர் நிறைந்தவர்களிடம் அந்த லிட்டர் கணக்கை நான் நம்பமாட்டேன். ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்குக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

படி 8: உணவுக்குழாய்

நெஞ்செரிச்சலுக்கு அமிலக் குறைப்பு மாத்திரை தின்றும் தொண்டை எரிகிறது, இருமல் போகவில்லை என்பவர்களுக்கு இது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி 24 மணி நேரம் வைப்பார்கள். அதில் வரிசையாக உலோக வளையங்கள், கூடவே அமில உணரி. இரண்டு வளையங்களுக்கு இடையே திரவம் வந்தால் எதிர்ப்பு விழும், காற்று வந்தால் ஏறும். எதிர்ப்பின் வீழ்ச்சி மேல் வளையங்களில் தொடங்கிக் கீழே நகர்ந்தால் விழுங்கல். கீழ் வளையங்களில் தொடங்கி மேலே நகர்ந்தால் எதுக்களிப்பு. அடிப்படையிலிருந்து பாதிக்கும் கீழே, அடுத்தடுத்த இரண்டு தடங்களிலாவது விழ வேண்டும் என்பது எண்ணுவதற்கான விதி. மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிட்டதால் வெறும் அமில உணரி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும். இம்பீடன்ஸ் அமிலமில்லாத எதுக்களிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

24 மணி நேரத்தில் எதுக்களிப்புகள் 40-க்குக் கீழே என்றால் இயல்பு, 80-க்கு மேல் என்றால் அதிகம் என்பது லியான் கருத்தொருமிப்பு என்ற வல்லுநர் குழு அறிக்கையின் எல்லை. நோயாளியிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: எரிச்சல் வந்ததும் பொத்தானை அழுத்துங்கள், சாப்பிட்ட நேரத்தையும் படுத்த நேரத்தையும் குறித்துவையுங்கள். குறிப்பு இல்லாத பதிவில் அறிகுறியையும் எதுக்களிப்பையும் கோக்கவே முடியாது.

இரவில், விழுங்கல் குறைந்திருக்கும்போது உள்ள அடிப்படை எதிர்ப்பும் ஒரு சாட்சி. அமிலம் தொடர்ந்து பட்ட சளிச்சவ்வில் செல்களுக்கு இடையிலான வெளி அகன்று நீர் புகுந்துவிடும், எதிர்ப்பு இறங்கும். 2,500 ஓமுக்கு மேல் இருந்தால் நோய்க்கு எதிரான சாட்சி, 1,500-க்குக் கீழே என்றால் ஆதரவான சாட்சி. முதல் படியில் பார்த்த அதே உப்புநீரும் சவ்வும்தான்.

படி 9: உள்ளே பதித்த கருவிகளும் வீட்டிலிருந்து கண்காணிப்பதும்

பேஸ்மேக்கர் பரிசோதனையில் கம்பியின் இம்பீடன்ஸ் தவறாமல் வரும். சில நூறு ஓமிலிருந்து சுமார் 1,500 ஓம் வரை என்பது பொதுவான வரம்பு, கம்பிக்குக் கம்பி மாறும். மாதக்கணக்கில் 520, 530, 515 என்று நின்ற எண் திடீரென்று 2,500 ஆனால் கம்பி முறிந்திருக்கலாம் அல்லது இணைப்புத் திருகு தளர்ந்திருக்கலாம். 180-க்கு விழுந்தால் மேலுறை கிழிந்து மின்சாரம் கசிகிறது.

சில டிஃபிப்ரிலேட்டர்கள் கம்பிக்கும் கருவிப் பெட்டிக்கும் நடுவே, அதாவது நுரையீரலின் குறுக்கே, தினமும் அளக்கும். நுரையீரலில் நீர் சேரச் சேர எண் இறங்கும். 2005-ல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவமனையில் சேர்வதற்கு முன் எண் சராசரியாக 12 சதவீதம் இறங்கியிருந்தது. மூச்சுத் திணறல் தெரிவதற்குச் சுமார் 15 நாள் முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. இதைக் கேட்டால் உடனே தோன்றுவது என்ன? எண் இறங்கினால் மணி அடிக்கட்டும், நோயாளி முன்கூட்டியே வரட்டும். அப்படித்தான் செய்து பார்த்தார்கள். 2011-ல் முடிவு வெளியான டாட்-ஹெச்எஃப் ஆய்வில், மணி அடிக்கும் கருவி வைத்தவர்கள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தது கூடியதே தவிரக் குறையவில்லை. மணி கேட்டுப் பதறி வந்தவரை அனுப்பிவிட மருத்துவருக்கும் மனம் வராதுதானே.

எனவே எச்சரிக்கை வந்தால் இந்த வரிசையில் போங்கள். புதிதாகக் கருவி பதித்து ஒன்றிரண்டு மாதம்தான் ஆகிறதா என்று பாருங்கள், தையல் போட்ட இடத்தின் வீக்கமே எண்ணை இறக்கியிருக்கும். சளிக் காய்ச்சல், நிமோனியா உண்டா என்று கேளுங்கள், அவையும் இறக்கும். கம்பியின் எண் தனியாக மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அப்புறம் நோயாளிக்கு ஃபோன் போட்டு, இந்த வார எடை என்ன, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், செருப்பு இறுக்கமாக இருக்கிறதா, மாத்திரையை விட்டுவிட்டாரா என்று கேளுங்கள். எடையும் ஏறி, தலையணையும் ஏறியிருந்தால் அன்றே வரச் சொல்லுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து எண்ணை மறுபடி பாருங்கள்.